ஹிட்லரும் வாக்குச்சீட்டும்

அன்புள்ள ஐயா,

ஜனநாயகம் பற்றிப் பேச்சு வந்தாலே என் நண்பர் ஒருவர், "ஹிட்லரையே மக்கள்தான் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள்" என்று வாயை அடைத்துவிடுகிறார். பெரும்பான்மையே விரும்பினால் சர்வாதிகாரத்தை எப்படித் தடுப்பது? முசோலினி வந்ததும் இப்படித்தானா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் ஹிட்லருக்குப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. இதை முதலில் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். 1928-இல் நாஜிக் கட்சி வாங்கியது 2.6 சதவீதம். பெருமந்தம் என்ற உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் வேலையிழந்து நின்ற 1932-இல், ஜூலைத் தேர்தலில் அது 37 சதவீதத்தை எட்டியது. நவம்பரில் மறுபடி தேர்தல் வந்தபோது 33-க்கு இறங்கிவிட்டது. சுமார் 20 லட்சம் ஓட்டு கைவிட்டுப் போனது.

மூன்றில் ஒருவர் அவருக்கு ஓட்டுப் போட்டதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் 1933 ஜனவரி 30 அன்று, ஓட்டு சரிந்துகொண்டிருந்த கட்சியின் தலைவரைச் சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, நியமித்தவர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். அவரைச் சம்மதிக்க வைத்தவர்களில் முக்கியமானவர் முன்னாள் சான்சலர் பாப்பென். அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். சுற்றி நாம் இருக்கிறோம், ஆளை அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று பாப்பென் கணக்குப் போட்டார்.

எனக்கு அதற்கு முந்தைய மூன்று வருடங்கள்தான் இன்னும் முக்கியமாகப் படுகின்றன. 1930 மார்ச்சில், வேலையில்லாதோர் காப்பீட்டுக்கு யார் எவ்வளவு கட்டுவது என்ற தகராறில் கூட்டணி அரசு கவிழ்ந்தது. அப்புறம் சான்சலராக வந்த ப்ரூனிங்குக்கு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை கிடையாது. நெருக்கடியில் குடியரசுத் தலைவரே ஆணை போட வழிசெய்த அரசியலமைப்பின் 48-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு அவசர ஆணைகளாலேயே ஆண்டார். 1932 முழுக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 5. அவசர ஆணைகள் 60-ஐ ஒட்டி. அந்த ஜூலையில், அப்போது சான்சலராக இருந்த பாப்பென், ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் அரசையே ஓர் ஆணையால் அகற்றினார். இவர்கள் யாரும் அன்று நாஜிகள் அல்லர். நாடாளுமன்றம் இல்லாமலே நாடு ஓடும் என்று மக்களைப் பழக்கியவர்கள் இவர்கள்தான். 1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. அதைக் காரணம் காட்டி மறுநாளே அதே 48-ஆம் பிரிவின்கீழ் பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் பறிபோயின.

எதிர்க்கட்சிக்காரர்களைச் சிறையில் தள்ளிவிட்டு நடத்திய மார்ச் 5 தேர்தலில்கூட நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம்தான். மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடும் அதிகாரத்தை ஹிட்லர் கேட்டார். கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளேயே விடவில்லை. கத்தோலிக்கர்களின் மையக் கட்சி ஆதரித்தது. 444 பேர் ஆதரவு. எதிர்த்தவர்கள் 94 பேர், எல்லோரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். சீருடை அணிந்த நாஜி அடியாட்கள் சூழ்ந்து நிற்க, சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து, "எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது" என்றார். அன்று அந்த மன்றத்தில் அப்படிப் பேசியவரை நான் மிகப் பெரிய மனிதராகவே நினைக்கிறேன்.

சரி, முசோலினி. இத்தாலியின் 1921 தேர்தலில் 535 இடங்களில் அவருடைய பாசிஸ்டுகள் பிடித்தது சுமார் 35. 1922 அக்டோபரில் அவர்கள் ரோமை நோக்கிக் கிளம்பியபோது, பிரதமர் ஃபாக்டா நெருக்கடி நிலை ஆணையைத் தயாரித்து மன்னரிடம் கொண்டுபோனார். மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேல் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு, முசோலினியை ஆட்சி அமைக்க அழைத்தார். மிலானிலிருந்து முசோலினி ரயிலில் வந்து பதவியை வாங்கிக்கொண்டார்.