சொல்வதற்கு ஆங்கிலத்தில் எத்தனை வினை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். வேலையில் பாதி, வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதுதான். சே, டெல் இரண்டுக்கும் அகராதியில் ‘சொல்’ என்றே போட்டிருக்கிறது. ஸ்பீக், டாக் இரண்டுக்கும் ‘பேசு’. போன வாரம் ‘த பையர் செட் மீ டு சேஞ்ச் த பட்டன்’ என்று எழுதினேன். மேலாளர் அடித்துத் திருத்தினார், காரணம் சொல்லவில்லை. ஒரே பொருள் தரும் வினைகளைப் பிரித்துக் காட்டும் நல்ல பட்டியல் ஏதாவது இருக்கிறதா? மனப்பாடம் செய்யத் தயார்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

பட்டியல்கள் நிறைய உண்டு. ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பேன். அவை சொல்லுக்கு எதிரே பொருளை எழுதிவிட்டு நின்றுவிடும். சே, டெல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பொருளில் கொஞ்சம்தான். பக்கத்தில் எது வந்து நிற்கிறது என்பதில்தான் மீதி எல்லாம்.

டெல் வந்தால் அடுத்து ஆள் வர வேண்டும்: ‘டோல்ட் மீ’, ‘டோல்ட் த பையர்’. சே வந்தால் அடுத்து வருவது சொன்ன செய்தி: ‘செட் தட் த சாம்பிள் வாஸ் லேட்’. அங்கே ஆளையும் சேர்க்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு ‘டு’ வேண்டும்: ‘செட் டு மீ’. தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘என்னிடம்’ என்ற சொல்லே யாரிடம் என்பதைக் காட்டிவிடுகிறது. அதை வாக்கியத்தில் முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. எது எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் அந்த மொழி ஓடுகிறது.

உங்கள் பட்டன் வாக்கியத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ‘மாற்றிவிட்டதாகச் சொன்னார்’ என்பது செய்தி. ‘மாற்றச் சொன்னார்’ என்பது ஏவல். தமிழில் இரண்டுக்கும் ‘சொன்னார்’ போதும். ஆங்கிலத்தில் ஏவலுக்கு ‘செட் மீ டு’ நிற்காது, ‘டோல்ட் மீ டு சேஞ்ச்’ என்றுதான் வரும். அதில் கொஞ்சம் அதிகாரத் தொனி உண்டு. பையரே படிக்கப்போகும் மெயில் என்றால் நான் ‘ஆஸ்க்ட் மீ டு சேஞ்ச்’ என்று எழுதுவேன்.

ஆள் இல்லாமலே டெல் வரும் இடங்கள் சில உண்டு: ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’. இவற்றை அப்படியே முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். (பழைய ஆங்கிலத்தில் டெல்லுக்கு எண்ணுதல் என்ற பொருளும் இருந்தது. வங்கியில் பணம் எண்ணித் தருபவருக்கு டெல்லர் என்ற பெயர் அதன் மிச்சம்.) எழுத்தில் இருப்பதைக் குறிக்க சேதான்: ‘த லேபிள் செஸ் 100% காட்டன்’.

இந்த இரண்டும் பிடிபட்டால் வேறு பல வினைகளும் தாமாகவே இரண்டு கட்சியாகப் பிரியும். இன்ஃபார்ம், ரிமைண்ட் எல்லாம் டெல் பக்கம், உடனே ஆள் வேண்டும். எக்ஸ்பிளெய்ன், சஜஸ்ட் எல்லாம் சே பக்கம். நம் ஊர் அலுவலக மெயில்களில் என் கண்ணில் அடிக்கடி படும் பிழை ‘எக்ஸ்பிளெய்ன் மீ’. ‘எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ’ என்று இருக்க வேண்டும்.

ஸ்பீக், டாக் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். மொழியின் பெயர் வந்தால் ஸ்பீக். மற்ற இடங்களில் பெரும்பாலும் எதை எழுதினாலும் தவறில்லை, டாக் சற்று நெருக்கமாக ஒலிக்கும்.

இதெல்லாம் ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள கோணல் என்று நினைக்கவும் வேண்டாம். தருதல், வருதல் ஆகியவை தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதல், கொடுத்தல் ஆகியவை படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்திருக்கிறது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், ஆனால் அவனுக்குக் கொடுத்தான். செயல் ஒன்றுதான், பெறுபவர் யார் என்பதைப் பார்த்து வினை மாறுகிறது. இன்று தருவதும் கொடுப்பதும் பேச்சில் கலந்துவிட்டன. வருவதும் போவதும் கலக்கவில்லை. அதனால் பிரிங், டேக் இரண்டும் உங்களுக்குச் சுலபமாகவே வரும்: கொண்டு வா, கொண்டு போ. அந்த ஜோடியில் உங்கள் காதை நம்பலாம்.

பட்டியல் கேட்டீர்கள், நான் ஓர் அகராதியைச் சொல்கிறேன். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆசிரியராக இருந்தவர். வினையின் பொருள் தெரிந்த மாணவருக்கும் அதை வைத்து வாக்கியம் அமைக்க வராது என்பதை வகுப்பறையில் பார்த்தவர். ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்று காட்டும் அகராதி ஒன்றை இரண்டு சக ஆசிரியர்களோடு சேர்ந்து செய்தார். 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அதை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்பு செய்தது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அந்த வழியில் வந்ததுதான். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ‘டெல் ஸம்படி ஸம்திங்’, ‘சே ஸம்திங் டு ஸம்படி’ என்று அமைப்பையே போட்டிருப்பார்கள். படிக்கும்போது ஆங்கிலம்–தமிழ் அகராதியை வைத்துக்கொள்ளுங்கள், எழுதும்போது இதைத் திறந்துகொள்ளுங்கள்.

அப்புறம், பையர்களின் மெயில்களே நல்ல பாடப்புத்தகம். ஒரு வினை கண்ணில் பட்டால் அதற்கு அடுத்து வரும் இரண்டு மூன்று சொற்களோடு சேர்த்து நோட்டில் எழுதி வையுங்கள். பையர் ஜெர்மனியிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ எழுதுபவர் என்றால் அநேகமாக அவருக்கும் ஆங்கிலம் படித்துக் கற்ற மொழிதான். அவரிடமிருந்து எடுத்ததை மட்டும் அகராதியோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.