ஆங்கில எழுத்து மாறிப்போகும் பிள்ளை: பாடத்தை விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகன் தரம் 8இல் படிக்கிறான். தமிழ் வாசிப்பும் தாமதம்தான். ஆங்கிலத்தில் சிறிய 'பி' (b), 'டி' (d) எழுத்துகளை இன்னும் மாற்றி எழுதுகிறான். நேற்றுப் பாடமாக்கிய சொல் இன்று தெரிவதில்லை. ஆனால் சந்தையில் சிங்களம் சரளமாகப் பேசுகிறான். ஆங்கிலத்தை விட்டுவிட்டு மற்றப் பாடங்களைக் கவனிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: காதால் கேட்டே சிங்களம் பேசப் பழகிய பிள்ளைக்கு மொழி வராது என்று யாரும் சொல்ல முடியாது. அவன் இடறுவது ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் இடத்தில். டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று. தமிழில் 247 எழுத்துகள் இருந்தும் கண்டதைப் பெரும்பாலும் அப்படியே ஒலிக்கலாம் என்பதால் அங்கே ஓரளவு மறைந்திருக்கும் தடுமாற்றம், 26 எழுத்துகளைக் கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளை எழுதும் ஆங்கிலத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. கடிதத்தை மட்டும் வைத்து அதுதான் என்று நான் முடிவு கூறமாட்டேன். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, சிறுவர் வைத்திய நிபுணரைக் காணுங்கள்.

அதற்கிடையில் அவனுடைய கொப்பியைத் திறந்து பிழைகளைப் பிரித்துப் பாருங்கள். 'அப்பா'வில் உள்ள ஒலியும் 'அம்பு'வில் உள்ள ஒலியும் வேறு. எழுத்தோ நமக்கு ஒன்றுதான். ஆகவே பன்றியைக் குறிக்கும் 'பிக்', பெரியது என்று பொருள்படும் 'பிக்' ஆகிய இரண்டையும் ஒருவன் குழப்பினால் அது தமிழ்ப் பிள்ளைகள் பலரும் விடும் பிழை. தொண்டையில் கைவைத்து அதிர்வை உணரச் செய்தால் மெல்லத் திருந்தும். 'பி'யும் 'டி'யும் இடம் வலமாக மாறுவது வேறு கதை. ஏழு வயதுவரை அது வழமையானது; பதின்மூன்று வயதிலும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஓர்ட்டன் என்ற வைத்தியரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் வகுத்த பயிற்சி, கண், காது, கை மூன்றையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வைப்பது. உங்களுக்குக் கடற்கரை அருகிலேயே இருக்கிறது. ஒரு தட்டில் மணலைப் பரப்பி, எழுத்தின் பெயரையன்றி ஒலியைச் சொல்லிக்கொண்டே அவன் விரலால் எழுதட்டும். 'பி'க்கு முதலில் கோடு, பிறகு வயிறு. 'டி'க்கு முதலில் வயிறு, பிறகு கோடு. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடவேண்டாம். 'பி' கைக்குப் படிந்த பின்னரே 'டி'. பஸ், பெல் என வாயில் ஏற்கெனவே புழங்கும் சொற்களிலிருந்து தொடங்குங்கள். நாள்தோறும் பதினைந்து நிமிடம் போதும். சனிக்கிழமை மூன்று மணித்தியால ரியூசனும், பிழையான சொல்லை இருபது தடவை எழுத வைப்பதும் இவனுக்குப் பயன்தரா. சிங்களப் பேச்சு தொடரட்டும், ஆனால் அதன் புதிய எழுத்துகளும் ஆங்கிலத்தின் புதிய எழுத்துகளும் ஒரே நாளில் வரக்கூடாது.

ஆங்கிலம் தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கட்டாய பாடம், ஆகவே விட்டுவிடுவது வழியன்று; அதில் சித்தியடையாவிட்டாலும் உயர்தரம் கற்கத் தடையில்லை என்பதால் பதறவும் தேவையில்லை. முன்னறிவிப்பின்றி வகுப்பில் உரத்து வாசிக்க எழுப்பாமல், சில விடைகளை வாய்மொழியாகக் கேட்குமாறு ஆசிரியரிடம் பேசுங்கள். பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற சலுகைகளை வைத்திய அறிக்கையுடன் அதிபர் ஊடாகவே கோர வேண்டியிருக்கும். தரம் 11 வரை காத்திருக்காமல், இப்போதைய கொப்பிகள் சிலவற்றைத் திகதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.