செருப்பு கழன்றது தெரியாத பாதம்

வெந்நீர் ஊற்றில் இறங்கினால் உங்கள் இதயம் நின்றுவிடாது. இரண்டு பக்கக் கடிதத்தில் நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று படுகிறது. இரண்டு மாடி ஏறினாலும் நெஞ்சு அடைப்பதில்லை, மூச்சு வாங்குவதில்லை, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது என்கிறீர்கள். சரி, இமாசலப் பிரதேசத்து மணாலி, வெந்நீர் ஊற்றுள்ள மணிகரண் எல்லாம் தாராளமாகப் போய்வாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த 'மலை வெந்நீர் மாரடைப்பு' செய்தியை அழித்துவிடுங்கள். மணாலி பக்கத்து வசிஷ்ட் வெந்நீர்க் குளத்தின் கந்தக வாடை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தச் செய்தியை நம்பி நீங்களே கடையில் வாங்கிய மலைநோய் மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். மணிகரண் சுமார் 1,700 மீட்டர், மணாலி 2,000 சொச்சம். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் வரும். மணாலிக்கு மேலே உள்ள ரோத்தாங் கணவாய் 4,000 மீட்டரை ஒட்டியது. அங்கே ஓடியாடாமல் பார்த்துவிட்டு, சீக்கிரம் இறங்கிவிடுங்கள்.

என்னை உறுத்தியது உங்கள் கடைசி வரி. "நடக்கும்போது செருப்பு கழன்றால்கூடச் சில சமயம் தெரிவதில்லை, வயசாகிவிட்டது." வயசு இல்லை ஐயா, 12 வருடச் சர்க்கரை. பாதத்து நரம்புகள் உணர்ச்சியை இழந்துகொண்டிருக்கின்றன.

சென்னையில் இதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். மே மாத மத்தியானம் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு வருவார்கள். சுட்டது தெரியாது. மறுநாள் காலையில் படுக்கை விரிப்பு ஈரமாக இருக்கும். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருக்கும். மணிகரண் ஊற்று அதைவிட மோசம். அங்குள்ள சீக்கியர் குருத்வாராவின் லங்கருக்கு, அதாவது அன்னதானத்துக்கு, அரிசியும் பருப்பும் அந்த நீரின் சூட்டிலேயே வேகின்றன. 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். குளிக்கும் தொட்டியில் சூடு குறைவுதான் என்றாலும், எவ்வளவு குறைவு என்று உங்கள் பாதம் சொல்லாது.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். கண்ணை மூடிப் படுங்கள். உங்கள் மனைவி இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை, ஒவ்வொன்றாக, ஓரிரு நொடி லேசாகத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். தொட்டது தெரியும்போது சொல்லுங்கள். ஆறில் இரண்டு தவறினாலே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். தவறாவிட்டாலும், அந்தச் செருப்பு விஷயத்துக்காகவே பயணத்துக்கு முன் உங்கள் சர்க்கரை டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள்.

அங்கே போனதும் தண்ணீரை உங்கள் மனைவி முழங்கையால் தொட்டுப் பார்த்து, இதமாக இருக்கிறது என்றால் மட்டும் இறங்குங்கள். 10 நிமிடம் போதும். எழும்போது மெதுவாக எழுங்கள், பிரஷர் இறங்கித் தலை சுற்றும். இன்சுலின் போட்ட உடனே குளிக்காதீர்கள், சூட்டில் அது வேகமாக ரத்தத்தில் ஏறிச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். ஊற்றுக் கல்லில் வெறுங்கால் வேண்டாம். அப்புறம், ஓட்டல் அறையில் குளிருக்குக் காலடியில் வெந்நீர்ப் பை வைப்பதும், ஹீட்டர் பக்கம் காலை நீட்டுவதும் கூடவே கூடாது.

ராத்திரி படுக்கும் முன் இரண்டு உள்ளங்கால்களையும் மனைவி டார்ச் அடித்துப் பார்க்கட்டும். கொப்புளமோ சிவப்போ இருந்தால், வலிக்கவில்லை என்று விடாதீர்கள். பற்பசை, மஞ்சள் எதுவும் தடவாமல் சுத்தமான துணியால் மூடி, அங்கேயே ஒரு டாக்டரிடம் போங்கள். சென்னை திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.