நாகர்கோவில் மாநகராட்சிப் பகுதி முழுக்க ஒரே சீரான வழிகாட்டிப் பலகைகள் வைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

லோகோவையும் நிறத்தையும் பிறகு பார்க்கலாம். முதலில் பெயர்ப் பட்டியல். வெளியூர் பஸ் நிற்கும் இடத்தை ஊரே வடசேரி என்கிறது; அதிகாரப் பெயர் கிறிஸ்டோபர் பேருந்து நிலையம். டவுன் பஸ்ஸுக்கு மீனாட்சிபுரத்தில் அண்ணா பேருந்து நிலையம். ரயில்வே ஜங்ஷன் இருப்பது கோட்டாற்றில். டவுன் ஸ்டேஷன் வேறு. வெறுமனே "பேருந்து நிலையம்" என்று அம்பு போட்டால், மதுரைக்குப் போக வேண்டியவர் மீனாட்சிபுரத்தில் போய் நிற்பார். ஒவ்வோர் இடத்துக்கும் தமிழில் ஓர் எழுத்துமுறை, ஆங்கிலத்தில் ஓர் எழுத்துமுறை என்று முடிவுசெய்து, மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே மூன்றிடமும் ஒப்புதல் வாங்குங்கள். மக்கள் சொல்லும் பெயர் மேலே பெரிதாக, அதிகாரப் பெயர் கீழே சிறிதாக இருப்பதே என் பரிந்துரை.

அடுத்து, ஆள் தயங்கி நிற்கும் இடங்களைக் குறியுங்கள்: வேப்பமூடு, செட்டிகுளம், மணிமேடை, பார்வதிபுரம் போன்ற சந்திப்புகள். பலகை அங்கே போதும். திருப்பமே இல்லாத நேர்சாலையில் வைப்பது வீண்செலவு. ஒரு பலகையில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். வாகனச் சாலைப் பலகைகளுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐஆர்சி 67 விதிநூல் இருக்கிறது. அதன் நிறத்தையும் வடிவத்தையும் மாற்றக் கூடாது. ஊருக்கென்று தனி அடையாளம் நடப்பவர்களுக்கான பலகை, தெருப்பெயர், பஸ் நிறுத்தம், பூங்கா ஆகியவற்றில்தான்.

எழுத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். 10 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் உயரம் என்பது பொதுக்கணக்கு. தமிழுக்கு 'ப' எழுத்தின் உயரத்தை அளவாக வைத்து 30 எடுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடும். படிக்க நான்கைந்து நொடி வேண்டுமென்றால் 50 மீட்டருக்கு முன்பே தெரிய வேண்டும். அதாவது 150 மில்லிமீட்டர் எழுத்து. தமிழில் மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் இருப்பதால் வரி இடைவெளியைக் குறைத்தால் 'கி'யும் 'மூ'வும் மோதிக்கொள்ளும். முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் இலவசம், ஆங்கில எழுத்தோடும் இசைந்து போகும். ஸ்டிக்கர் வெட்டும் கடைக்கு எழுத்தாகவே கோப்பைக் கொடுத்தால் பழைய மென்பொருளில் 'கொ' உடைந்து கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்தைக் கோட்டுருவாக (அவுட்லைன், அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைபடமாக) மாற்றிய பிடிஎஃப் மட்டும் கொடுங்கள்.

கடல் காற்றை மறந்த டெண்டர் சீக்கிரமே துருவாகிவிடும். பெயின்ட் மட்டும் அடித்த இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம். குழாயை வெட்டி, துளையிட்டு, வெல்டிங் எல்லாம் முடித்த பிறகே துத்தநாகக் குளியல் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் கால்வனைசிங்) கொடுக்க வேண்டும். நட்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் அந்தப் பூச்சு கருகி, துரு அங்கிருந்துதான் கிளம்பும். பலகைக்கு அலுமினியத் தகடு, போல்ட்டுக்கு உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இரண்டுக்கும் நடுவே நைலான் வாஷர். வாஷர் இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் போல்ட்டைச் சுற்றிப் பொடியாக உதிரும். நடைபாதையில் பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 2.1 மீட்டராவது இருக்கட்டும்.

எல்லாவற்றையும் அச்சடிக்குமுன் வடசேரியிலிருந்து கோட்டாறு ஜங்ஷன் வரை ஒரு வழியில் மட்டும் ஃபிளெக்ஸில் மாதிரி கட்டிப் பாருங்கள். ஊரறியாத ஐந்தாறு பேரை நடக்கவிட்டு, எங்கே நின்று வழி கேட்கிறார்கள் என்று குறித்தால் போதும், பிழை தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பலகைக்கும் பின்புறம் ஒரு எண், அந்த எண்ணுக்குப் பதிவேட்டில் இடம், வாசகம், நட்ட தேதி. இங்கே இரண்டு பருவமழையும் பெய்வதால் செப்டம்பரிலும் ஜனவரியிலும் பாசி துடைக்கவும் கிளை வெட்டவும் தனியாகப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். முதல் டெண்டரிலேயே அது இருக்க வேண்டும்.