பழைய ஓட்டு வீட்டில் டிஷ்ஷை எங்கே மாட்டுவது?

"ஓட்டு வீட்டுக் கூரையில் டிஷ்ஷைப் பத்திரமாக மாட்டுவது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். செட்டிநாட்டு வீடு என்றால் நாட்டோடும் சுண்ணாம்புக் காரையுமாகத்தான் இருக்கும். கூரையில் மாட்டவே மாட்டாதீர்கள்.

எங்கள் வீடு பள்ளத்தூரில். 2018-ல் அப்பச்சிக்காக டிஷ் வாங்கினோம். மாட்ட வந்த பையன் செருப்புக் காலோடு வளவு ஓட்டில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கூரையில், ஏறினான். ஓட்டைத் தாங்கும் கைமரம் போகிற வரிசை பார்த்துக் கால் வைக்க வேண்டும். அவன் நடுவில் வைத்தான். கீழே நின்று எண்ணினேன், ஏழு ஓடு உடைந்தது. பிறகு முகப்பு மாடிக் கைபிடிச்சுவரில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, நாலு ஸ்குரூவில் நிறுத்திவிட்டான். துளையிலிருந்து பொலபொலவென்று சுண்ணாம்பு கொட்டியது. பார்த்துக்கொண்டே சும்மா இருந்தது என் தப்பு.

அந்த வருசம் நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். 60 சென்டிமீட்டர் டிஷ்தான், ஆனால் காற்றுக்கு அது விரித்த பாய். காரைக்கட்டியோடு பெயர்ந்து, ஓட்டை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. அப்பச்சி படுத்திருந்த இடத்துக்கு நாலடி.

வீட்டில் ஒன்பது புள்ளி, அதாவது பங்குள்ள ஒன்பது குடும்பம். ஓடு மாற்றப் பங்கு கேட்டால், "டிஷ் நீ வச்சது, நீயே பாத்துக்க" என்றார்கள். அதே ஆட்கள் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்தால் பை வைப்பதற்குள் ரிமோட் எங்கே என்பார்கள். சரி, அதை விடுங்கள்.

உயரத்தில் வைத்தால்தான் படம் வரும் என்பது, கொடைக்கானல் ஒளிபரப்பைப் பிடிக்க மூங்கிலில் ஆன்டெனா கட்டிய காலத்து நினைப்பு. செயற்கைக்கோள் இருப்பது ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் மேலே. பத்தடி ஏற்றி என்ன ஆகப்போகிறது? தூர்தர்ஷன் இலவச டிஷ் வருகிற ஜிசாட்-15 கிழக்கே 93.5 டிகிரியில் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், கிட்டத்தட்ட 70 டிகிரி உயரம். தட்டு எதிர்வீட்டு மாடியைப் பார்ப்பது போல நிற்கும். நம்பாதீர்கள், அதைவிட 20 டிகிரிக்கு மேல் தூக்கித்தான் பார்க்கிறது. அந்தப் பக்கம் 20 அடிச் சுவர் இருந்தாலும் எட்டடி தள்ளி நட்டால் போதும்.

நாங்கள் பின்கட்டில் இரண்டடிக் குழி தோண்டி, ஜல்லிக் கான்கிரீட்டில் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நட்டு, டிஷ்ஷை அதில் மாட்டினோம். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பைப் சாய்ந்தால் எந்தக் கோணமும் சரிவராது. கேபிள் சுவருக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எர்த் கம்பியை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மின்கம்பி போகிற பக்கமே வேண்டாம்.

நான் இஞ்சினியர் இல்லை. கான்கிரீட் மாடி வைத்திருப்பவர்கள் ஆங்கர் போல்ட் போட்டுக்கொள்ளுங்கள், சண்டைக்கு வராதீர்கள். "இந்தக் காலத்தில் யாருக்கு டிஷ்?" என்பவர்கள் எங்கள் தெருவில் நெட் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசவும்.

ஏழு வருசமாக அசையவில்லை. ஆத்தா அதன்மேல் ஈரத்துண்டைக் காயப்போடும்போது மட்டும் படம் போகும்.