கரிசல் தரைக்குச் சாம்பல் மட்டும் போதுமா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கரிசல் நிலத்தில் குடோன் கட்டப்போகிறோம். தரை வெடிக்காமல் இருக்க, தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலை மண்ணில் கலந்தால் போதுமா?

பதில்: போதாது. தூத்துக்குடியில் எரிப்பது நிலக்கரி. அந்த ஃப்ளை ஆஷில் சிலிக்கா நிறைய, சுண்ணாம்புச் சத்து குறைவு. அதனால் தானாக இறுகாது. நெய்வேலியில் எரிப்பது பழுப்பு நிலக்கரி, அந்தச் சாம்பலில் சுண்ணாம்பு கூடுதல், ஆனால் உங்களுக்கு லாரி வாடகை கட்டுப்படியாகாது. பக்கத்துச் சாம்பலையே வாங்குங்கள், கூடவே நீர்த்த சுண்ணாம்பும் சேருங்கள்.

முதலில் மண்ணைப் பாருங்கள். உலர்த்திச் சலித்த மண் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவு ஜாடிகளில் போட்டு, ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றி 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. அதைவிடத் தண்ணீர் ஜாடியில் மண் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. 50 சதவீதத்தைத் தாண்டினாலே கவனம் வேண்டும். நல்ல கரிசலில் 100-ஐயும் தாண்டும்.

கலக்கும்போது வரிசை முக்கியம். மண்ணின் உலர் எடையில் 3 முதல் 6 சதவீதம் சுண்ணாம்பை முதலில் ஈரமண்ணில் கலந்து ஒரு நாள் விடுங்கள். களிமண் தகடுகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடிக்கும். பிசுபிசுத்த மண் உதிரியாகும். அப்புறம் 15 முதல் 20 சதவீதம் சாம்பல் சேர்த்து, 15 செ.மீ. அடுக்குகளாக ரோலர் போட்டு, ஒரு வாரமாவது ஈரம் காயாமல் வையுங்கள். சுண்ணாம்பும் சாம்பலும் சேர்ந்து இறுகுவது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. சரியான விகிதத்தை உங்கள் மண்ணிலேயே ஆய்வகத்தில் கலந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வேலை செய்பவர்களுக்குக் கையுறை, கண்ணாடி, முகமூடி கட்டாயம். சுண்ணாம்பு தோலை அரிக்கும்.

இதெல்லாம் தரைக்கும் லாரி வரும் பாதைக்கும்தான். தூண்களை இதை நம்பி நிறுத்தாதீர்கள். அவற்றுக்கு அண்டர் ரீம்டு பைல் (கீழ்முனையில் குமிழ் போல அகன்ற, மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் கம்பம்) போடுங்கள். ஆழமான கரிசலில் சுமார் 3.5 மீட்டர் வரை மழைக்கும் வெயிலுக்கும் மண் அசையும். பைல் அதற்குக் கீழே ஊன்ற வேண்டும்.

சல்பேட் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். சில கரிசல் நிலங்களில் ஜிப்சம் என்ற சல்பேட் உப்பு உண்டு. அங்கே சுண்ணாம்பு போட்டால் எட்ரிங்கைட் என்ற உப்பு உருவாகி, இருந்ததைவிட மோசமாக வீங்கும். உரத்தொழிற்சாலைக் கழிவு ஜிப்சத்தை யாராவது மலிவாகத் தந்தாலும் இதே காரணத்தால் வாங்காதீர்கள்.