விவாகரத்தான தாய்மார்களின் தாய்மை நிறைவுக்கும் சமூக ஆதரவுக்கும் என்ன தொடர்பு?

தாய்மை நிறைவு என்பது பிள்ளை மீதுள்ள பாசத்தின் அளவு அல்ல. 'அம்மாவாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, என்னால் முடிகிறது' என்ற உணர்வு அது. சமூக ஆதரவு என்றால் கஷ்டத்தில் கைகொடுக்க ஆள் இருப்பது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் இதை நான்காகப் பிரித்தார்: மனதுக்குத் தெம்பு, கையுதவி, தகவல், 'நீ சரியாகத்தான் செய்கிறாய்' என்ற அங்கீகாரம்.

விவாகரத்துக்குப் பின் சம்பாத்தியம், சமையல், ஸ்கூல் மீட்டிங், ராத்திரிக் காய்ச்சல் எல்லாம் பெரும்பாலும் ஒருவர் தலையில் விழுகின்றன. களைப்பு கூடக்கூடப் பொறுமை குறையும். பிள்ளையிடம் எரிந்து விழுந்துவிட்டு, 'நான் நல்ல அம்மா இல்லையோ' என்று தோன்றும். ஆதரவு இந்தச் சங்கிலியை நடுவில் அறுக்கிறது. சாலையோரச் சுமைதாங்கிக் கல் மாதிரி: பாரம் குறையாது, இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

நம் ஊரில் முதல் மூன்றும் பிறந்த வீட்டில் ஓரளவு கிடைத்துவிடும். சிக்கல் நாலாவதில்தான். பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியே "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருந்தா..." என்று ஆரம்பித்தால், அந்த உதவியை வாங்குவதே பாரமாகிவிடும். (என்னைக் கேட்டால், குத்திக்காட்டாமல் செய்யும் உதவிக்கு இரட்டை மதிப்பு.) அரசுப் படிவம்கூட ஆதரவாக இருக்கலாம், 2016 டிசம்பரில் அறிவித்த விதிமாற்றத்தின்படி பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயரே போதும்.

ஆதரவு என்றதும் மறுமணம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, தோழி, பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் டீச்சர் என யாரிடமிருந்தும் அது வரலாம்.